‘அரைகுறை’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆலோசகராக நான் சந்தித்த ஒருவரோடு ஏழு மாதங்கள், 19 அமர்வுகளில் நடந்தது இது. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரே ஒருவரின் அனுபவம் என்பதால் எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு மாதங்களில் நான் செய்த தவறுகள் இன்னொருவருக்குப் பயன்படலாம் என்பதும் இதை எழுத ஒரு காரணம்.

பின்னணி

அவருக்கு வயது 43. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 16 வருடங்களாக வேலை. அவருடைய பிரிவுக்குப் பொறுப்பாளராக வரச் சொல்லி மேலாளர் கேட்டிருந்தார். இதற்கு முன்பும் ஒரு முறை அதே வாய்ப்பு வந்து மறுத்திருக்கிறார். இந்த முறையும் மறுக்கத்தான் போகிறார், ஆனால் மறுப்பை நினைத்தாலே இரவில் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் என்னிடம் வந்தார்.

ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமலே பதில் வந்தது: “நான் ஒரு அரைகுறை மேடம். எதையும் முழுசா முடிச்சதில்ல. பொறுப்பைக் கொடுத்தா பாதியில விட்டுட்டு வந்துடுவேன்.”

அந்தச் சொல் அவருடையது இல்லை, அண்ணனுடையது. இருபது வயதில், கல்லூரியின் கடைசி வருடத்தில் இவர் படிப்பை நிறுத்தினார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு வேலைக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அதனால் இவர் நின்றார். இரண்டு வருடங்களில் அப்பா ஓரளவு தேறிவிட்டார். அதற்குள் வீட்டில் நின்றதற்கான காரணம் மறந்துபோய், நின்றது மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. ‘படிப்பைப் பாதியில விட்டவ’ என்பது கேலியாகி, கேலி சுருங்கி ‘அரைகுறை’ ஆயிற்று. யாரும் வன்மமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதனாலேயே மறுக்கவும் முடியாமல் போயிற்று.

முதல் அமர்வுகளில் கண்டது

தொடங்கியதை முடிக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை உடனே ‘நம்பிக்கைச் சிக்கல்’ என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. மனச்சோர்வு இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், கவனக்குறைபாடு இருந்தாலும் இப்படித்தான். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் பட்டியலில் அவருக்கு 27-க்கு 8 வந்தது. லேசான சோர்வு, கண்காணித்தால் போதும் என்ற அளவு. கவனக்குறைபாடாக இருந்தால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். பள்ளிக் காலத்தில் அப்படி எதுவும் இல்லை என்று அவரும் சொன்னார், அவருடைய அக்காவும் சொன்னார். அதன் பிறகுதான் நம்பிக்கையின் பக்கம் வந்தேன்.

ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறையில் எண்ணங்களை மூன்று அடுக்காகப் பார்ப்பது வழக்கம். மேலே சட்டென்று வந்துபோகும் எண்ணம், நடுவில் ‘இப்படி என்றால் அப்படி’ என்ற விதி, அடியில் தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்பு. இவருடைய தீர்ப்பு ‘நான் அரைகுறை’. விதி: ‘ஆரம்பிக்காமல் இருந்தால் விட வேண்டியும் இருக்காது.’ அந்தத் தீர்ப்பை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 0 முதல் 100 வரை ஓர் எண் கேட்டேன். 90 என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன், ஆனால் அப்போது அதன் கனம் எனக்குப் புரியவில்லை. அவர் செடிகொடிகளை வரைவார். கைப்பையில் படம் வரையும் நோட்டு ஒன்று இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டதும், “இன்னும் முடியல” என்று பையை மூடிக்கொண்டார்.

முதலில் எடுத்த முடிவு, அது சறுக்கிய விதம்

மூன்றாவது அமர்விலிருந்து ஐந்தாவது வரை நான் வழக்கறிஞர் வேலை பார்த்தேன். 16 வருடங்களில் ஒரு வருடக் கணக்கையாவது முடிக்காமல் விட்டதுண்டா? இல்லை. அக்காவின் ஆய்வேட்டை இரவிரவாகத் தட்டச்சு செய்து கொடுத்தது யார்? இவர்தான். மாமியாரின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான்கு மாதம் பார்த்துக்கொண்டது? அதுவும் இவர்தான். பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிவில் சொன்னது இது: “நீங்க சொல்றது எல்லாம் சரிதான் மேடம். புரியுது. ஆனா ஒட்டல.”

ஒட்டாததற்குக் காரணம் உண்டு. கிறிஸ்டீன் பெடஸ்கி என்ற உளவியலாளர் 1990-களில் இதற்கு ஒரு நல்ல ஒப்புமை சொன்னார்: தன்னைப் பற்றிய ஆழமான தீர்ப்பு, ஒரு சமூகத்தின் மேல் வைத்திருக்கும் தப்பெண்ணம் போல இயங்கும். எதிரான சான்று வந்தால் கண்ணில் படாது, பட்டால் விதிவிலக்கு ஆகிவிடும், விதிவிலக்கு ஆகாவிட்டால் திரிந்துவிடும். இவர் செய்தது அதேதான். வருடக் கணக்கு? “அது வேலை, சம்பளம் கொடுக்கறாங்க.” ஆய்வேடு? “அது அக்காவோடது.” மாமியார்? “அதை யாரு பாதியில விடுவாங்க?” அடுத்தவருக்காக முடித்தது எதுவும் அவருடைய கணக்கில் வரவே இல்லை.

அப்போது நான் செய்த இரண்டாவது காரியம் இன்னும் மோசம். தினமும் காலையில் ‘நான் தொடங்கியதை முடிப்பவள்’ என்று ஐந்து முறை எழுதச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவருடைய எண் 95 ஆகியிருந்தது. “எழுதும்போதே உள்ள ஒரு குரல் ‘எதை முடிச்ச?’ன்னு கேக்குது” என்றார். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜோவான் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, சுயமதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் பற்றி நல்ல வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அவர்களின் மனநிலை இன்னும் கீழே போவதைக் காட்டியது. ஏற்கெனவே நம்புகிறவருக்குத்தான் அந்த வாசகம் கொஞ்சம் உதவுகிறது. படித்திருந்தும் அவசரத்தில் சொல்லிவிட்டேன். ஆறாவது அமர்வில் அதை ஒப்புக்கொண்டு, அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொன்னேன்.

விட்டவற்றின் பட்டியல்

வாதாடுவதை நிறுத்திய பிறகு, எதிர்ப்பக்கமாகப் போகலாம் என்று முடிவு செய்தோம். முடித்தவற்றை அல்ல, விட்டவற்றை எழுதுங்கள் என்றேன். அவர் தரப்பைப் பொய் என்று சொல்லாமல், அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு விசாரிப்பதுதான் நோக்கம்.

அடுத்த வாரம் 14 வரிகளோடு வந்தார். கல்லூரி, ஒரு மொழி வகுப்பு, தையல், தபால் வழிப் படிப்புக்கான விண்ணப்பம், மூன்று தொகுதி ஓவியங்கள், சித்தி மகளுக்கு எழுத ஆரம்பித்த ஒரு நீண்ட கடிதம், இப்படிப் பலதும். ஒவ்வொன்றும் எந்த வருடம், எந்த மாதம் என்றுகூட நினைவில் இருந்தது. முடியாத வேலைதான் மனதில் அதிகம் தங்கும் என்று புளூமா ஸைகார்னிக் 1927-ல் எழுதினார். பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு முடிவு ஒரே மாதிரி வரவில்லை. பொதுவாக எப்படியோ, இவர் விஷயத்தில் விட்டவை பதினான்கும் வரிசை மாறாமல் வந்தன, முடித்தவற்றை நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியலில் மூன்று பத்தி சேர்க்கச் சொன்னேன்: எவ்வளவு தூரம் வந்தது, எப்போது நின்றது, நிற்காமல் இருந்திருந்தால் அடுத்த படி என்ன. முதல் இரண்டும் சும்மா ஒழுங்குக்காகச் சேர்த்தவை. மூன்றாவதில்தான் விஷயம் இருந்தது.

14-ல் மூன்று, சூழ்நிலையால் நின்றவை. கல்லூரி அதில் ஒன்று. இரண்டு, நிஜமாகவே பிடிக்காமல் போனவை. மிச்சம் ஒன்பதிலும் அடுத்த படி ஒன்றேதான்: யாரோ ஒருவர் பார்க்க வேண்டும். மொழி வகுப்பு தேர்வுக்கு முந்தைய வாரம் நின்றது. தையலில் கைமட்டும் வைக்க வேண்டிய ரவிக்கை, அக்கா போட்டுப் பார்க்க வேண்டிய நாளில் நின்றது. ஓவியத் தொகுதிகள் மூன்றும் கடைசி இரண்டு படங்களில் நின்றன. கடிதம் எழுதி முடித்து, உறையில் போட்டு, ஒட்டாமல் இருந்தது.

அவர் அந்தப் பத்தியை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “முடியாததுன்னு இருந்தா யாரும் மார்க் போட மாட்டாங்க இல்ல” என்றார்.

பெர்க்லஸ், ஜோன்ஸ் என்ற இருவர் 1978-ல் ஆய்வுக்கூடத்தில் காட்டிய ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது: தோல்வி வரலாம் என்று பயப்படும் சிலர், அதற்கான சாக்கைத் தாங்களே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். தோற்றால் சாக்கின் மேல் போகும், திறமையின் மேல் போகாது. ‘இன்னும் முடியல’ என்பது இவருடைய சாக்கு. ஆக அவரைக் கட்டிப்போட்டது ‘என்னால் முடிக்க முடியாது’ என்ற நம்பிக்கை அல்ல. அதற்கு அடியில், ‘முழுசாக ஒன்றைக் காட்டினால் நான் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்துவிடும்’ என்று ஒன்று இருந்தது. அரைகுறை என்ற பெயர் அதைவிட வலி குறைந்தது. அதனால் இவ்வளவு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஐந்து வாரம் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சோதனைகள்

இனிப் பேச்சைக் குறைத்து, சின்னச் சின்னதாகச் செய்து பார்ப்பது என்று தீர்மானித்தோம். ஆல்பர்ட் பாண்டுரா 1977-ல் ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது, அடுத்தவர் தரும் ஊக்கத்தைவிடத் தானே செய்து பார்த்த அனுபவத்தை மேலே வைத்தார். நான் ஊக்கம் கொடுத்துப் பார்த்தாயிற்று, பலன் இல்லை.

முறை எளிது. ஒரு தாள். செய்வதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு நிச்சயம் என்று எழுத வேண்டும். செய்த பிறகு, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். முன்கூட்டி எழுதுவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதாவிட்டால் நடந்து முடிந்த பிறகு மனம் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று கணக்கைத் திருத்திவிடும்.

முதல் சோதனை: முடித்த ஒரு படத்தை ஒரு சக ஊழியரிடம் காட்டுவது. ஒரே நிபந்தனை, ‘சும்மா கிறுக்கினது’ என்ற முன்னுரை கூடாது. அவர் எழுதியது: ‘பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம திருப்பிக் கொடுப்பாங்க. 80.’ நடந்தது: அந்த ஊழியர் ஐந்து நிமிடம் பார்த்தார், இலை நரம்பை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டார், போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. இவரோ, “மரியாதைக்குச் சொன்னாங்க” என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சோதனையை வடிவமைத்ததில்தான் பிழை. எந்தப் பாராட்டு வந்தாலும் அதை மரியாதை என்று தள்ளிவிடலாம் என்றால், அந்தச் சோதனையால் எதுவும் நிரூபணம் ஆகாது.

இரண்டாவதை அவரே யோசித்தார். அதே ஊழியரிடம் இன்னொரு படத்தைக் கொடுத்து, “இதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்று கேட்பது. முன்கணிப்பு: ‘நிறையச் சொல்வாங்க. நான் படத்தைக் கிழிச்சுடுவேன். அப்புறம் வரையவே மாட்டேன். 85.’ அந்த ஊழியர் தயங்கித் தயங்கி, பூவின் தண்டு கொஞ்சம் தடிமனாக இருக்கிறது என்றார். உண்மையிலேயே தடிமன்தான். அன்று மாலை ஆறரை மணியிலிருந்து எட்டு மணி வரை அவமானமாக இருந்தது என்று குறித்திருந்தார். எட்டே காலுக்குத் தண்டை மட்டும் வேறு தாளில் மறுபடி வரைந்தார்.

அந்த வாரம் எண் 65-க்கு இறங்கியது. அவரை அசைத்தது பாராட்டு இல்லை, ஒரு குறை. பயந்தது வந்தது, வந்த பிறகும் கையில் பென்சில் இருந்தது. மிஷெல் கிராஸ்கேயும் சகாக்களும் 2014-ல் பயத்துக்கான சிகிச்சை பற்றி எழுதியதன் சாரமும் இதற்கு ஒத்துப்போகிறது: பயம் தணிவதைவிட, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் கற்றுக்கொடுக்கிறது.

மூன்றாவது: ஓரத்தில் சாயம் வழிந்த ஒரு படத்தைத் தன் மேசைக்கு மேலே ஒரு வாரம் மாட்டி வைப்பது. ‘பத்து பேராவது அந்தக் கறையைக் கேப்பாங்க’ என்று எழுதினார். கறையைக் கேட்டவர் ஒருவர். இன்னொருவர் சட்டம் கோணலாக இருக்கிறது என்று நேராக்கிவிட்டுப் போனார். கிலோவிச்சும் சகாக்களும் 2000-ல் மாணவர்களுக்குச் சங்கடமான படம் போட்ட டீ-ஷர்ட்டை அணிவித்து இதைச் சோதித்திருக்கிறார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள், கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர். அதைச் சொன்னபோது இவர், “எனக்கு அந்தக் கால்வாசியும் கிடைக்கல” என்று சிரித்தார். ஏழு மாதத்தில் அவர் தன்னைப் பற்றிச் சிரித்த முதல் தடவை அதுதான்.

பொறுப்பாளர் பதவி

மேலாளரிடம் மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம், தற்காலிகமாகப் பார்க்கலாம் என்று கேளுங்கள் என்றேன். அப்போதைய பொறுப்பாளர் ஆறு வாரம் விடுப்பில் போக இருந்தார், வாய்ப்பு அமைந்தது. முன்கணிப்பு: ‘மூணாவது வாரம் விட்டுடுவேன். 75.’

மூன்றாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் இரண்டு கணக்குகள் ஒத்துப்போகவில்லை, தவறு அவர் சரிபார்த்த தாளில் இருந்தது. பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பதாக மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். அதை எனக்குக் காட்டினார். அந்தத் தவறைச் சரிசெய்ய அரை நாள் ஆனது. மின்னஞ்சல் வரைவிலேயே கிடந்தது. ஆறு வாரமும் முடிந்தது.

பிறகு நிரந்தரமாக வருகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போனது. பழைய இடத்துக்கே போய்விட்டாரோ என்று நினைத்தேன். அடுத்த அமர்வில் ஒரு கேள்வி கேட்டேன்: யாருமே உங்களை மதிப்பிடப்போவதில்லை, தப்பு வந்தாலும் யாருக்கும் தெரியாது, அப்போது எடுத்துக்கொள்வீர்களா? தயங்காமல் சொன்னார்: “அப்பவும் வேண்டாம். அந்த ஆறு வாரத்துல ஒரு படம்கூட வரையல. வீட்டுக்கு வந்தா கண்ணு எரியும். என்னால முடியும்னு தெரிஞ்சுடுச்சு, எனக்கு அது வேண்டாம்.”

முடியாது என்று விடுவதும் வேண்டாம் என்று விடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதவி ஏற்பதுதான் வெற்றி என்று நான் எனக்குள் ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கேட்டு வந்தது தூக்கம். மறுத்த இரவு நன்றாகத் தூங்கினார்.

ஒரு சறுக்கல்

ஆறாம் மாதம், குடும்பத்தார் கூடிய ஓர் இடத்தில் அண்ணன், “படம் வரையறியாமே, இதையாவது முடிப்பியா?” என்று கேட்டிருக்கிறார். மூன்று வாரம் வரையவில்லை. இரண்டு அமர்வுகளை ரத்து செய்தார். திரும்பி வந்தபோது எண் 80.

இதற்கு நான் சோதனை எதுவும் வகுக்கவில்லை. அவரே ஒரு நாள் அண்ணனுக்குப் போன் செய்து, “நான் படிப்பை விடல. அப்பாவைப் பார்த்துக்க யாராவது வேணும்னு சொன்னீங்க, அதனால நின்னேன்” என்று சொல்லியிருக்கிறார். 23 வருடத்தில் முதல் முறை. அண்ணன் பேச்சை மாற்றிவிட்டார். அடுத்த தடவை பார்த்தபோது ‘அரைகுறை’ என்ற சொல் வரவில்லை. அதற்கடுத்த தடவை வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடை முழுவதும் ஒருவரின் தலைக்குள்தான் இருக்கிறது என்று பேசுவது சுலபம், இவருக்கு அது பொருந்தாது. இருபது வயதில் அவருடைய படிப்பை நிறுத்தியது அவருடைய நம்பிக்கை அல்ல, ஒரு வீட்டின் முடிவு. நம்பிக்கை அதற்கப்புறம் வந்து உட்கார்ந்தது.

ஒரு வருடம் கழித்து

கடைசி அமர்வில் எண் 35. ஒரு வருடம் கழித்துப் பேசியபோது எண் கேட்டேன். “காலையில 20. அண்ணன்கிட்ட பேசின அன்னைக்கு 60” என்றார். நம்பிக்கை மறைந்துவிடவில்லை, அவருடைய முடிவுகளை அது எடுப்பது நின்றிருக்கிறது.

24 படங்களாகத் திட்டமிட்ட தொகுதியில் 15 முடித்திருந்தார். அதில் எட்டு ஒரு நூலகத்தின் வாசிப்பறையில் ஒரு மாதம் இருந்தன. மிச்சம் ஒன்பதை வரையப்போவதில்லை, அந்த வகைச் செடிகள் சலித்துவிட்டன என்றார். கல்லூரிப் படிப்பைத் தொடரவில்லை, தொடரும் எண்ணமும் இல்லை. சித்தி மகளுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. நடுவில் மண்பாண்ட வகுப்பு ஒன்றில் சேர்ந்து இரண்டே வாரத்தில் விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “கையெல்லாம் மண்ணு மேடம், எனக்குப் பிடிக்கல” என்றார்.

எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனைகளும் இருந்தன, அண்ணனிடம் பேசியதும் இருந்தது, தொடர்ந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததும் இருந்தது.

மறுபடி செய்தால்

காலை வாசகப் பயிற்சியைக் கொடுக்க மாட்டேன். அது அவருக்கு ஒரு வாரம் வீண், என் மேல் இருந்த நம்பிக்கைக்கும் கொஞ்சம் சேதம்.

அண்ணன் பேச்சு வரும் என்று முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும். பட்டம் கொடுத்தவர் இன்னும் அதே வீட்டுப் பேச்சில் இருக்கும்போது, அவர் மறுபடி சொல்லும் நாளுக்கு ஒரு திட்டம் வேண்டும். என்னிடம் அது இல்லை, அவரே தேடிக்கொண்டார்.

முதல் சோதனையைப் பாராட்டு வரக்கூடியதாக வைக்காமல், குறை வரக்கூடியதாக வைத்திருப்பேன். ஆனால் முதல் வாரத்திலேயே அதை அவர் தாங்கியிருப்பாரா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மூன்றாவது பத்தியை முதல் அமர்விலேயே கேட்டிருப்பேன். “இன்னும் முடியல” என்று அவர் பையை மூடியபோது, “முடிந்தால் அடுத்து யார் பார்ப்பார்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் நோட்டைப் பார்க்க முடியவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.